ஆற்றோரச் சாலையில் பின் சீட்டுக்கும் பெல்ட் வேண்டுமா?

கண்டிப்பாக வேண்டும். “எங்க ரோட்டுல அம்பதுக்கு மேல போக முடியாது, பின்னாடி உக்காந்தவங்களுக்கு எதுக்கு பெல்ட்? கார் ஆத்துல விழுந்தா அதுவே எமனாயிடாதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் எங்களைப் போல ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வயல் என்று ஓட்டுகிறவர்தான் போல.

நான் கும்பகோணத்தில் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறேன். நவக்கிரகக் கோயில் சவாரிதான் அதிகம். எல்லாரும் பெல்ட் போட்ட பிறகுதான் வண்டியை எடுப்பேன். இதனால் கைவிட்டுப் போன சவாரியும் உண்டு, அதில் எனக்கு வருத்தமில்லை.

ஒரு தை மாதம், சம்பா அறுவடை நேரம். ஆலங்குடியில் குருபகவானைத் தரிசித்துவிட்டு மன்னார்குடி போகிறோம். பின்னால் இருந்த பெரியவர், “வயித்தை இறுக்குது தம்பி, விட்டுடு” என்றார். மருமகள்தான், “மாமா, போட்டுக்குங்க” என்று தன் கையாலேயே மாட்டிவிட்டார். நீடாமங்கலம் தாண்டி, இருட்டுகிற நேரம். முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர். பின்னால் விளக்கும் இல்லை, ஒளிரும் பட்டையும் இல்லை. பிரேக் அடித்து ஒடித்தேன். ரோட்டில் கிடந்த வைக்கோலில் சக்கரம் வழுக்கி, வாய்க்கால் மதகுக் கட்டையில் மோதி, மூக்கு தண்ணீருக்குள் இறங்கி நின்றது வண்டி. பெரியவர் தானே பட்டனை அழுத்திக் கழற்றிக்கொண்டு கரையேறினார். தோளில் சிவப்பாக ஒரு தடம், அவ்வளவுதான். பெல்ட் இல்லாமல் இருந்திருந்தால் அவர் மொத்தக் கனமும் என் முதுகில் வந்து மோதியிருக்கும்.

ஐம்பது என்றால் மெதுவு என்று நினைக்காதீர்கள். அந்த வேகத்தில் சுவரில் முட்டுவது ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். ஆற்றில் விழுந்தாலும் கதை இதுதான். மண்டையில் அடிபட்டு மயங்கியவரால் கதவையும் திறக்க முடியாது, கண்ணாடியையும் இறக்க முடியாது. நினைவு இருந்தால் பெல்ட்டைக் கழற்றி, தண்ணீர் ஏறுவதற்குள் கண்ணாடியை இறக்கி, பிள்ளைகளை முதலில் வெளியே அனுப்பலாம்.

பெல்ட் போட்டும் செத்தவன் இல்லையா என்று சிலர் வருவார்கள். இருக்கிறார்கள். லாரிக்கு அடியில் புகுந்தால் எதுவும் காப்பாற்றாதுதான். அதற்காக மற்ற விபத்துகளுக்கும் போடாமல் இருப்பதா? 2022 செப்டம்பரில் மகாராஷ்டிராவின் பால்கர் அருகே கார் விபத்தில் இறந்த, டாடா சன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி உட்கார்ந்திருந்ததும் பின் சீட்டில்தான், பெல்ட் இல்லாமல். ஃபைனுக்குப் பயந்து சொல்லவில்லை. 1000 ரூபாய் கட்டிவிட்டுப் போய்விடலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரே நாளில் ஒன்பது கோயிலும் வேண்டும் என்று திங்களூரிலிருந்து திருநள்ளாறு வரை விரட்டுகிறார்கள். ராத்திரி அவர்களுக்கு ஏசி ரூம், டிரைவருக்குக் கொசுக்கடியில் கார் சீட். விடிகாலையில் அதே ஆளை நம்பித்தானே குடும்பத்தோடு ஏறுகிறீர்கள்? படுக்க ஒரு இடம் கேட்டுக் கொடுங்கள்.

உங்கள் காரில் பின் சீட் பெல்ட்டின் கொக்கி சீட் கவருக்கு அடியில் அமுங்கிக் கிடக்கும். முதலில் அதை வெளியே இழுத்துப் போடுங்கள்.