பர்கண்டிக் கல்வீட்டுக்கு எந்தப் பூச்சு?

கேள்வி: எங்கள் மகன் பிரான்சில், பர்கண்டிப் பகுதிக் கிராமம் ஒன்றில், நூற்றைம்பது ஆண்டுப் பழமையான கல்வீட்டை வாங்கியிருக்கிறான். சுவர்களில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறிப் பூச்சு உதிர்கிறது. பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற அவன் அப்பச்சி (என் கணவர்), பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுத் தண்ணீர் புகாத சிமெண்ட் பூச்சு பூசச் சொல்கிறார். அந்த ஊர்க் கொத்தனாரோ சுண்ணாம்புதான் வேண்டும் என்கிறாராம். நம் ஊர் முட்டைப் பூச்சை அங்கே செய்யலாமா என்றும் மகன் கேட்கிறான். கோடை விடுமுறைக்குள் எல்லாவற்றையும் முடிக்க அவசரப்படுகிறான். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகி, தேவகோட்டை

பதில்: அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

அந்த ஊர்க் கொத்தனார் சொல்வதையே கேட்கச் சொல்லுங்கள். உங்கள் கணவரின் அனுபவத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. கான்கிரீட் தூணும் உத்தரமும் தாங்கும் இன்றைய கட்டடத்துக்கு அவர் சொல்வது பொருந்தும். பழைய கல்வீடு வேறு விதமாகக் கட்டப்பட்டது. அதன் சுவர் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டடி கனம் இருக்கும். உள்ளும் புறமும் கல் அடுக்கி, நடுவே சிறு கல்லும் மண்ணும் சுண்ணாம்பும் இட்டு நிரப்பியிருப்பார்கள். அடித்தளத்தில் ஓதத் தடுப்பு கிடையாது. ஆகவே நிலத்தின் ஈரம் சுவருக்குள் எப்போதும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியே ஆவியாகிப் போய்விடுவதால்தான் அந்த வீடு இத்தனை காலம் நின்றது. சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். வெளியேற முடியாத ஈரம் பூச்சைத் தாண்டி இன்னும் மேலே ஏறும், உப்புப் பூக்கும், சுவருக்குள் செருகியிருக்கும் உத்தரங்களின் முனைகளை உளுக்கவைக்கும். பர்கண்டியில் குளிர்காலம் கடுமையானது; சிக்கிய நீர் உறைந்து விரியும்போது கல்லின் முகமே பெயர்ந்து விழும்.

இதை உங்கள் கணவர் நேரில் பார்க்கச் செட்டிநாட்டிலேயே இடம் உண்டு. பழைய வளவு வீடுகளின் பின்கட்டில், சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவருக்குப் பிற்காலத்தில் சிமெண்ட் பூசிய இடங்களை அவர் தட்டிப் பார்க்கட்டும். பல இடங்களில் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்து வெற்றொலி எழுப்பும். பெயர்த்தால் உள்ளே செங்கல் பொடிந்திருக்கும்.

முட்டைப் பூச்சைப் பற்றி மகன் கேட்டிருப்பது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனாலும் வேண்டாம் என்பதே என் கருத்து. கிளிஞ்சல் சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம், முட்டை வெண்கரு எல்லாம் சேர்த்துப் பல அடுக்காகப் பூசி, கடைசியில் பளிங்கு போல் தேய்த்து மெருகேற்றும் அந்த வேலை, நம் வறண்ட வெப்பத்துக்கும் உயர்ந்த மேடைமேல் நிற்கும் வீடுகளுக்கும் ஏற்றது. மெருகேறிய பரப்பில் துளைகள் பெரிதும் மூடிக்கொள்ளும். ஓதம் ஏறும் சுவரில் அது கொப்பளித்துவிடும். அவனுக்கு வேண்டியது அந்த ஊர் மணலும், தண்ணீரோடு சேர்ந்து இறுகும் இயற்கை நீரியல் சுண்ணாம்பும். அதிலும் 2, 3.5, 5 என வலிமைத் தரங்கள் உண்டு. மிருதுவான பழைய கல்லுக்கு 5 கடினமானது, கொத்தனார் சொல்லும் குறைந்த தரமே நல்லது. செட்டிநாட்டுக் கொத்தமங்கலத்துச் சாரதா விலாஸ் மாளிகையைப் புதுப்பித்த பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர்கள் இருவர், இந்த மண்ணின் கைவேலையை இங்குள்ளவர்களிடமே கேட்டுச் செய்தார்கள். உங்கள் மகனும் அங்கே அதையே செய்யலாம்.

பூச்சுக்கு முன்னால் தண்ணீரைக் கவனிக்க வேண்டும். கூரை ஒழுகுகிறதா, கூரையிலிருந்து இறங்கும் மழைநீர் சுவரோரம் கொட்டுகிறதா, வெளியே மண் குவிந்து உள்தரையைவிட உயர்ந்துவிட்டதா என்று பார்க்கட்டும். வளவு முற்றத்து மழைநீரை வாய்க்கால் வழியே ஊருணிக்கு அனுப்பிய நம் முன்னோர் சுவரோரம் ஒரு சொட்டு நிற்க விடவில்லை. உள்ளே முழுத் தரைக்கும் கான்கிரீட் போடுவதையும் தவிர்க்க வேண்டும். அது தரையின் ஈரத்தைச் சுவர்களுக்குத் தள்ளிவிடும். பழைய சுடுமண் தரை ஓடுகள் இருந்தால் ஒன்றையும் வீச வேண்டாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், இடித்த பழைய வீடுகளிலிருந்து வந்து விற்பனைக்குக் கிடக்கும் தூண்களையும் கதவுகளையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது.

ஒரே கோடையில் எல்லாவற்றையும் முடிப்பது இயலாது, முடிக்கவும் கூடாது. இந்தக் கோடையில் கூரையையும் வடிகாலையும் சரிசெய்து, சிமெண்ட் ஏதும் பூசியிருந்தால் அதை நீக்கி, சுவரைத் திறந்தே விடட்டும். ஒரு குளிர்காலம் அந்த வீட்டில் இருந்து பார்த்தால் ஈரம் எங்கே நிற்கிறது, காற்று எங்கே நுழைகிறது என்பது தெரியும். பூச்சை அடுத்த ஆண்டு, உறைபனி போன பிறகு தொடங்கலாம். 5 டிகிரிக்குக் கீழே சுண்ணாம்பு சரியாக இறுகாது.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். அங்கே வெளிப்பூச்சு, சன்னல், கூரை ஆகியவற்றின் தோற்றத்தை மாற்றுவதானால் முன்கூட்டி ஊராட்சி மன்றத்தில் விண்ணப்பிப்பது வழக்கம். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் 500 மீட்டருக்குள் இருந்தால் அரசுக் கட்டடக்கலைஞரின் கருத்தையும் கேட்பார்கள். 1949க்கு முந்தைய வீடு என்பதால் விற்பனைப் பத்திரத்தோடு ஈயச் சாயப் பரிசோதனை அறிக்கை வந்திருக்கும். அதைப் படிக்காமல் பழைய பெயிண்டைச் சுரண்ட வேண்டாம், குறிப்பாகக் குழந்தைகள் இருக்கும் வீட்டில். கொத்தனாரிடம் பத்தாண்டுப் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றை (வேலை முடிந்து பத்தாண்டுக்குள் பெரும் பழுது வந்தால் ஈடு தரும் காப்பீடு) வேலை தொடங்கும் முன்பே கேட்டு வாங்கட்டும். கழிவுநீர்த் தொட்டி விதிப்படி இல்லை என்று அதற்கான பரிசோதனை அறிக்கையில் இருந்தால், வாங்கிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் சரிசெய்வது வாங்கியவரின் பொறுப்பு. அந்தச் செலவுக்கான பணத்தைப் பூச்சு வேலைக்கு எடுத்துவிடாமல் இப்போதே தனியாக வைக்கச் சொல்லுங்கள்.