காப்பகத்தின் பணியை எதை வைத்து அளப்பது?

கேள்வி: குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்கள் தங்கும் காப்பகம் ஒன்றின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். நிதி வழங்குவோர் ஆண்டுதோறும், "எத்தனை பேர் கணவரிடமே திரும்பிப் போனார்கள்?" என்று கேட்கிறார்கள். அந்த எண்ணிக்கை கூடினால் நாங்கள் தோற்றுவிட்டதாகக் குழுவிலும் பேச்சு எழுகிறது. எங்கள் சேவைகளைத் திட்டமிடவும் மதிப்பிடவும் சரியான வழி என்ன?

பதில்: அந்த எண்ணிக்கையை வெற்றி தோல்விக்கு அளவுகோலாகக் கொள்வதை முதலில் கைவிடுங்கள். குழந்தைகள், சொந்த வருமானம் இல்லாமை, வாடகைக்கு வீடு கிடைக்காமை எனக் காப்பகத்தின் கைக்கு எட்டாத பல காரணங்களால் ஒரு பெண் திரும்பிப் போகிறார். பிரிந்து வந்த பிறகே வன்முறை உச்சத்துக்குப் போவதும் உண்டு என்பதால், சிலர் உயிருக்கு அஞ்சியே திரும்புகிறார்கள். அடிப்பவனின் நடத்தைக்குக் காப்பகத்தைப் பொறுப்பாக்கினால், திரும்பிப் போய்விடுவார் என்று தோன்றுகிற பெண்ணைச் சேர்த்துக்கொள்ளவே பணியாளர்கள் நாளடைவில் தயங்கத் தொடங்குவார்கள்.

காப்பகத்தால் எதை மாற்ற முடியுமோ அதையே அளக்க வேண்டும். அமெரிக்கக் காப்பகங்கள் பலவற்றில், தங்கியிருந்த பெண்களிடம் இரண்டு செய்திகளைக் கேட்கிறார்கள்: தம் பாதுகாப்புக்குத் திட்டமிடும் வழிகள் முன்பைவிடக் கூடுதலாகத் தெரிந்திருக்கின்றனவா, வெளியே எங்கெங்கு உதவி கிடைக்கும் என்பது கூடுதலாகத் தெரிந்திருக்கிறதா. பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் இக்கேள்விகளுக்கு, திரும்பிப் போகிற பெண்ணும் "ஆம்" என்று சொல்ல முடியும். அப்படிச் சொன்னால் காப்பகம் தன் வேலையைச் செய்திருக்கிறது என்றே கொள்ளலாம்.

திட்டமிடுதலும் இங்கிருந்தே தொடங்க வேண்டும். வந்தவர் எல்லோருக்கும் ஆலோசனை, தொழிற்பயிற்சி, குழுக்கூட்டம் என ஒரே அட்டவணையைக் கையில் கொடுப்பது நிர்வாகத்துக்கு வசதியானதே தவிர, அவருக்குப் பயன்படும் என்பதற்கு உறுதியில்லை. சிலருக்கு முதல் தேவை ஒரு வழக்கறிஞர். வேறு சிலருக்கு, வீட்டிலேயே விட்டுவந்த அடையாள ஆவணங்கள். அமெரிக்காவின் 8 மாநிலங்களில் 215 காப்பகங்களை உள்ளடக்கி 2008-இல் வெளியான ஆய்வு ஒன்றில், வந்தபோது எந்த உதவிகளை வேண்டினீர்கள் என்றும், புறப்படும்போது அவற்றில் எவை கிடைத்தன என்றும் பெண்களிடமே கேட்டுப் பதிவு செய்தார்கள். இதே முறையை ஒற்றைத் தாளில் நீங்களும் செய்யலாம். பலர் கேட்டும் கிடைக்காத உதவி எதுவோ, அடுத்த ஆண்டின் நிதி ஒதுக்கீட்டில் அதற்கே முதலிடம்.

வாசலோடு சேவை முடிந்துவிடக் கூடாது என்பதற்கும் சான்று இருக்கிறது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிரிஸ் சல்லிவனும் டெபோரா பைபியும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்தை விட்டுச் சென்ற 278 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் 10 வாரங்கள், வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம், வீடு, வேலை, சட்ட உதவி போன்றவற்றைப் பெற்றுத்தரத் துணையாளர் ஒருவரை அமர்த்தினார்கள். அடுத்த 2 ஆண்டுகளில் வன்முறையே நேராதவர்கள் துணை பெற்றவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர். பெறாதவர்களில் பத்துப் பேரில் ஒருவர். இவ்வளவு நல்ல திட்டத்திலும் பெரும்பாலோர் மீண்டும் வன்முறைக்கு ஆளானார்கள் என்பதை உங்கள் நிதி வழங்குவோருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் காப்பகத்தில் கருத்துக் கேட்டால் எல்லோரும் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்றே எழுதித் தருகிறார்கள். நம்புவதா?

பதில்: நம்ப வேண்டாம். படுக்கையையும் உணவையும் தருபவரே கேள்வி கேட்டால், போக்கிடம் இல்லாத ஒருவர் வேறு என்னதான் சொல்வார்? பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் தங்கும் உரிமைக்குக் குறைவு வராது என்பதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லி, பெயரில்லாத தாளைப் பூட்டிய பெட்டியில் போடச் செய்யுங்கள். எழுதத் தெரியாதவரிடம் காப்பகத்தைச் சாராத ஒருவர் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். வந்த மறுநாளே, அதிர்ச்சி தணியாத நிலையில், படிவத்தை நீட்டாதீர்கள். மாதத்துக்குச் சிலரே தங்கும் இடத்தில் கையெழுத்தும் குழந்தைகளின் எண்ணிக்கையும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், தாள்களைக் காலாண்டுக்கு ஒருமுறை மொத்தமாகப் பிரித்துப் படிப்பது நல்லது. வீட்டு விதிகளைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். திரும்பி வரவேண்டிய நேரம், கைபேசிப் பயன்பாடு போன்றவற்றில் காப்பகத்தின் கட்டுப்பாடு, அவர் விட்டுவந்த வீட்டின் கட்டுப்பாட்டை நினைவூட்டுகிறதா என்பது அங்கேதான் தெரியவரும்.

வெளியேறியவரைப் பின்னர் தொடர்புகொள்வதாயின், எந்த எண்ணில், எந்த நேரத்தில், யார் என்று சொல்லிப் பேசலாம் என்பதை அவரே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். தவறான கையில் சேரும் ஒரு குறுஞ்செய்தி அவர் உயிருக்கே ஆபத்தாகலாம்.

கேள்வி: படுக்கைகள் எப்போதும் நிரம்பியிருப்பது நல்ல செயல்பாட்டின் அடையாளம்தானே?

பதில்: அவசரத்துக்கு இடமில்லை என்பதன் அடையாளமாகவும் அது இருக்கலாம். மக்கள்தொகையில் 10,000 பேருக்கு ஒரு குடும்பம் தங்கும் இடம் என்பது, ஐரோப்பிய நாடுகளின் மனித உரிமை அமைப்பான ஐரோப்பிய கவுன்சில் பரிந்துரைக்கும் அளவு. நிரம்பிய படுக்கைகளைக் கணக்கிடும் அதே பதிவேட்டில், இடமின்றித் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கும் ஒரு பத்தியை ஒதுக்கி, அவர்களை எங்கு அனுப்பினீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள்.