கோயில் தோப்பில் மிஞ்சிய ஒற்றை மாமரம்: கொட்டை போட்டால் போதுமா?

கேள்வி: தாராபுரம் பக்கம், அமராவதி வாய்க்கால் ஓரத்தில் எங்கள் ஊர்க் கோயில் தோப்பு இருக்கிறது. பதினைந்து மாமரங்கள் இருந்த இடத்தில் இப்போது ஒன்றுதான் மிச்சம். சிறிய பழம், நார் அதிகம். ஆனால் அந்த மணம் வேறு எந்த மாம்பழத்திலும் இல்லைங்க. அடிமரத்தில் துளை விழுந்து மரத்தூள் கொட்டுகிறது, ஒரு பக்கம் காய்ந்துவிட்டது. இந்த வருடக் கொட்டைகளைப் போட்டுத் தோப்பைத் திரும்ப உண்டாக்கலாம் என்று ஊரில் பேசியிருக்கிறோம். சரியாக வருமா?

பதில்: கொட்டை போட்டால் மரம் வரும். அதே பழம் வருவது சந்தேகம். மாம்பூவில் ஈக்கள் வேறு மரத்து மகரந்தத்தையும் கொண்டுவந்து சேர்க்கும். நம் பக்கத்து ரகங்களில் பெரும்பாலானவற்றில் ஒரு கொட்டைக்கு ஒரே முளைதான், அது தாயைப் போலவே இருக்காது. கேரளக் கரையில் ஓலூர், சந்திரக்காரன் மாதிரி சில ரகங்களில் ஒரே கொட்டையில் பல முளை வரும். அவை பெரும்பாலும் தாய் மரத்தின் குணத்தோடு இருக்கும். உங்கள் மரத்துக் கொட்டையில் பத்தைப் போட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

ஆப்பிளிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் பிராம்லி என்று ஒரு சமையல் ஆப்பிள். 1809இல் சவுத்வெல் என்ற ஊரில் ஒரு சிறுமி போட்ட விதையில் முளைத்தது அதன் முதல் மரம். இன்றைக்கு இருக்கும் பிராம்லி மரம் எல்லாமே அந்த ஒரே மரத்துக் கிளையிலிருந்து ஒட்டு வழியாக வந்தவை. உங்கள் மாவுக்கும் ஒட்டுதான் வழி. இந்த வருடமே செய்யுங்கள். சென்னிமலைப் பக்கம் இப்படி ஒரு மரத்தைப் பார்த்து, அடுத்த மழைக்கு வந்து ஒட்டுக்குக் குச்சி எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆடிக் காற்றில் அது சாய்ந்துவிட்டது. இன்னும் மனது கேட்கவில்லை.

முதலில் துளைகளைப் பாருங்கள். உள்ளே இருப்பது தண்டுத் துளைப்பான் புழு. சைக்கிள் கம்பியை வளைத்துப் புழுவை இழுத்து எடுங்கள். மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சைத் துளைக்குள் திணித்து, களிமண்ணால் அடைத்துவிடுங்கள். காய்ந்த கிளைகளை மட்டும் வெட்டி, வெட்டிய இடத்தில் பூஞ்சை வராமல் தடுக்கும் போர்டோ பசை தடவுங்கள்: மயில்துத்தம் 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் 1 லிட்டர். இரும்புப் பாத்திரத்தில் கலக்கக் கூடாது. மரத்தை மொட்டையடித்துப் புதுத் துளிர் வாங்கும் யோசனை இப்போது வேண்டாம், தாங்காது.

ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் வேர்ச்செடிக்கு எந்த நாட்டு மாங்கொட்டையும் ஆகும். பழம் தின்ற சூட்டோடு போட வேண்டும். மாங்கொட்டை சில வாரங்களில் முளைப்புத் திறனை இழந்துவிடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் ஒட்டுக் கட்டினால் குச்சி காய்ந்துவிடும். ஐப்பசி ஈரத்தில் கட்டுங்கள், அதற்குள் கன்றும் தயாராகிவிடும். கன்றின் தண்டுக் கனமே உள்ள, மூன்று நான்கு மாதம் முற்றிய நுனிக்குச்சியைத் தேர்ந்தெடுத்து, எடுப்பதற்குப் பத்து நாள் முன்பே காம்பை விட்டு இலையை மட்டும் நறுக்கிவிடுங்கள். நுனி மொட்டு புடைத்ததும் குச்சியை வெட்டி, ஈரத் துணியில் சுற்றி, அன்றைக்கே ஆப்பு மாதிரி சீவி, கன்றின் தலையை வெட்டிப் பிளந்த இடத்தில் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டி, மேலே நீளமான பை ஒன்றை மாட்டி நிழலில் வையுங்கள். பாதி பிடித்தாலே சந்தோஷம், அதனால் ஐம்பது கட்டுங்கள். கைப்பழக்கம் இல்லையென்றால் நாற்றங்காலில் ஒட்டுக் கட்டுபவர் ஒருவரை ஒரு நாள் கூட்டி வாருங்கள்.

அப்புறம் தோப்பு. கோயில் நிலம் அறநிலையத்துறை வசம் இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்; புறம்போக்கு என்றால் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஆட்டுக்குக் கம்பிவேலியைவிடக் கிளுவை நல்லது. கொறங்காட்டு (மேய்ச்சல் நிலம்) வேலிக்கு வெட்டும் குச்சியையே மழைக்கு முன் ஊன்றலாம். பத்து மீட்டருக்கு ஒரு கன்று போதும். மூன்று வருடம் பூவைக் கிள்ளிவிடுங்கள். அந்த மூன்று கோடைக்கும் எந்தக் கன்றுக்கு எந்த வீடு தண்ணீர் ஊற்றுவது என்று நடுவதற்கு முன்பே பேசி முடியுங்கள். பொதுத் தோப்புகள் அதிகம் பட்டுப்போவது அதில்தான்.

எல்லாக் கன்றையும் தோப்பிலேயே வைக்க வேண்டாம். நான்கைந்தை நான்கைந்து தோட்டங்களில் கிணற்றோரம் வைத்துவிடுங்கள். தோப்பில் ஒரு கோடை தவறினாலும், திரும்பக் குச்சி எடுக்க மரம் இருக்கும்.