இடக்கைப் பழக்கமும் ஆட்டிசமும்: கேள்வி பதில்

கேள்வி: மூன்று வயதான என் மகன் எதையும் இடக்கையால்தான் எடுக்கிறான். இது ஆட்டிசத்தின் அறிகுறியா?

பதில்: இல்லை. ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோல்களில் கைப்பழக்கத்துக்கு இடமே கிடையாது. பொதுவாகப் பத்துப் பேரில் ஒருவருக்கு இடக்கைப் பழக்கம் உண்டு. ஆட்டிசம் உள்ளவர்களிடையே அது ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்படுகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் செய்தியைத் தலைகீழாகப் படிப்பதால்தான் பெற்றோருக்கு வீண் பயம் வருகிறது. 1,000 குழந்தைகளில் 100 பேர் இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள், 10 பேர் ஆட்டிசம் உள்ளவர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்துப் பேரில் இடக்கையர் இரண்டு அல்லது மூன்று பேர்தான் இருப்பார்கள்; ஆக, இடக்கைக் குழந்தைகள் நூறு பேரில் குறைந்தது 97 பேருக்கு ஆட்டிசம் இல்லை. ஆட்டிசம் பற்றிக் கவலை இருந்தால், பெயர் சொல்லி அழைத்தால் உங்கள் மகன் திரும்புகிறானா, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறானா என்று பாருங்கள். எந்தக் கையின் விரல் என்பது பொருட்டல்ல.

கேள்வி: அப்படியானால் இரண்டுக்கும் என்னதான் தொடர்பு?

பதில்: வலக்கைப் பழக்கம் உள்ளவர்களில் சுமார் 95 விழுக்காட்டினருக்கும், இடக்கைப் பழக்கம் உள்ளவர்களில் சுமார் 70 விழுக்காட்டினருக்கும் மொழித்திறன் மூளையின் இடப்பாதியையே பெரிதும் சார்ந்திருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்களிடம் இந்த இடப்பக்கச் சாய்வு சராசரியாகக் குறைவு. மூளையின் இரு பாதிகளும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் முறை கரு வளரும் காலத்திலேயே சற்று வேறுபடுவதால் இடக்கைப் பழக்கமும் ஆட்டிசமும் சிலரிடம் சேர்ந்து வரலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்று இதற்குப் பொருளில்லை.

கேள்வி: ஆட்டிசம் உள்ள என் மகளுக்கு ஆறு வயது. இரு கைகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறாள்.

பதில்: என் பார்வையில், இடக்கைப் பழக்கத்தைவிட அதிகம் கவனிக்க வேண்டியது இதைத்தான். தாளின் இடப்பக்கத்தில் இடக்கையால் வரைந்துகொண்டிருக்கும் குழந்தை, நடுப்பகுதி வந்ததும் கிரயானை வலக்கைக்கு மாற்றிக்கொண்டு தொடர்வதைப் பார்க்கலாம். உடலின் நடுக்கோட்டைத் தாண்டிக் கையை நீட்டுவது அதற்குக் கடினமாக இருக்கக்கூடும். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களைச் செய்யப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) ஒருவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: வலக்கைக்கு மாற்றிப் பழக்கினால் ஆட்டிசம் குறையுமா?

பதில்: குறையாது, எழுதுவதுதான் சிரமமாகும்.

கேள்வி: என் குழந்தைக்குப் பத்து மாதம்தான். இப்போதே இடக்கையை மட்டும் நீட்டுகிறாள்.

பதில்: இதை ஆட்டிசத்தோடு சேர்க்க வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். ஒரு வயதுக்குள் ஒரே கையை அழுத்தமாகப் பயன்படுத்தினால், மற்றக் கையில் பலவீனம் இருக்கிறதா என்று குழந்தை மருத்துவர் பார்த்தாக வேண்டும்.