மாடியில் சோலார்: மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது?

திருநகர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் செலவாகிறது. மின் இணைப்பு காலமான அப்பாவின் பெயரில் இருக்கிறது. 5,000 ரூபாய் கொடுத்தால் சோலார் மானியம் வாங்கித் தருவதாகவும், மின்வெட்டிலும் விளக்கு எரியும் என்றும் ஒரு ஏஜென்ட் சொல்கிறார். நம்பலாமா? இதனால் உலகத்துக்கு நன்மை உண்டா?"

அந்த 5,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். பிரதமரின் சூரிய வீடு (PM Surya Ghar) திட்டத்துக்கு அரசின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். உங்கள் செலவுக்கு ஏற்ற 2 கிலோவாட் பேனலுக்கு மானியம் 60,000 ரூபாய். பேனல் ஓடத் தொடங்கிய பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். அதை இடையில் நின்று வாங்கித் தர யாரும் தேவையில்லை. ஆதார் நகலையும் கைபேசிக்கு வரும் ஓடிபியையும் கேட்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். விலை மலிவு என்று வெளிநாட்டு சோலார் செல் (வெயிலை மின்சாரமாக்கும் சில்லு) உள்ள பேனலைத் தலையில் கட்டுவார்கள். சோலார் செல், பேனல் இரண்டுமே இந்தியாவில் செய்தவையாக இருந்தால்தான் மானியம்.

மின்வெட்டில் விளக்கு எரியும் என்பது பொய். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியர் மீது மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காக, லைனில் மின்சாரம் நின்றதும், பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் சோலார் இன்வெர்ட்டர் தானாகவே அணைந்துவிடும். பேட்டரி வைத்தால் கதை வேறு, செலவும் வேறு.

உங்களுக்கு உண்மையான தடை அப்பாவின் பெயர்தான். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பிக்க முடியும். வீட்டுவரி உங்கள் பெயரில் இருந்தாலும், பல வருடங்களாக நீங்களே பில் கட்டிவந்தாலும் அது செல்லாது. வாரிசுச் சான்று, உடன்பிறந்தோரின் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு முதலில் பெயர் மாற்றம் செய்யுங்கள். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் கேட்காதீர்கள். பேனலை மாட்டிய பிறகு பெயர் ஒத்துவராமல் மானியத்துக்கு அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

10 கிலோவாட் வரை, லைன் தாங்குமா என்று மின்வாரியம் பார்க்கும் சாத்தியக்கூறு ஆய்வே தேவையில்லை என்று 2024-இல் விதியைத் திருத்தினார்கள். பேனல் ஓரிரு நாளில் மாடியேறிவிடுகிறது. அதன் பின், லைனிலிருந்து எடுப்பதையும் லைனுக்குக் கொடுப்பதையும் கணக்கிடும் ஒரு இருவழி மீட்டருக்காக மதுரை வெயில் மாடியில் வீணாகக் காய்வதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு மீட்டரை மாற்ற எத்தனை கையெழுத்து!

உலகத்துக்கு நன்மை உண்டா என்றால், நிச்சயமாக உண்டு. ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 2 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ உங்கள் 480 யூனிட் வந்துவிடும். நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியில் இருந்து வருவதால், ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரியமில வாயு வெளியாகிறது. உங்கள் மாடி ஒன்றே ஆண்டுக்கு 2 டன் மிச்சப்படுத்தும்.

ஆனால் நிழலைப் பாருங்கள். விளாங்குடியில் ஒரு மாடியில் பிற்பகல் மூன்று மணிக்குத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரே ஒரு பேனலின் ஓரத்தில் விழுந்தது. தொடராக இணைத்த மற்றப் பேனல்களின் உற்பத்தியும் சேர்ந்து இறங்கியது. ஒப்பந்தம் போடும் முன் காலை எட்டு மணிக்கும் மதியத்திலும் மாலை நான்கு மணிக்கும் மாடிக்கு ஏறி, நிழல் விழும் இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துவையுங்கள். அந்தக் கோட்டுக்குள் ஒரு பேனலும் வரக் கூடாது. 2 கிலோவாட்டுக்கு நிழலில்லாத 200 சதுர அடி வேண்டும்.