சட்டைப் பைக்குள் அடங்கும் வீடியோ கேமரா: கேளுங்கள், சொல்கிறேன்

கடலூர், புதுச்சேரி பக்கம் கல்யாண வீடியோ எடுத்தே இருபது வருஷம் ஓடிவிட்டது. தோளில் பெரிய கேமரா சுமக்கிறவளிடம் சின்னக் கேமரா பற்றி ஏன் கேட்கிறார்கள் என்றால், என் கைப்பையிலும் இப்போது அதுதான் கிடக்கிறது. ட்ரோன் பற்றிக் கேட்காதீர்கள், தெரியாது. கல்யாண ரேட் கேட்காதீர்கள், தெரியும், சொல்ல மாட்டேன்.

லாசுப்பேட்டை: அக்கா, குழந்தை, கோயில், கடற்கரை, அவ்வளவுதான் எடுப்பேன். ஃபோன் இருக்கும்போது தனிக் கேமரா தேவையா?

கேட்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தேவையில்லை. பகல் வெளிச்சத்தில் நல்ல ஃபோனே போதும். குழந்தை முதல் அடி வைக்கும் நேரத்தில் யாராவது கூப்பிட்டு ரெக்கார்டிங் நின்றுபோகிறது, இடமில்லை என்று ஃபோன் அடம்பிடிக்கிறது, நடந்துகொண்டே எடுத்தால் படம் குலுங்குகிறது. இந்த மூன்றில் இரண்டு உங்களுக்கு நடந்திருந்தால் வாங்குங்கள்.

கடையில் மூன்று ஜாதி இருக்கும். ஒன்று, தலையை மோட்டார் தாங்கிப் பிடிக்கும் கிம்பல் கேமரா. 2023 அக்டோபரில் வந்த ஆஸ்மோ பாக்கெட் 3 இந்த வகை. ஒரு அங்குல சென்சார், 179 கிராம், திரையைத் திருப்பினாலே ஆன் ஆகிவிடும். இரண்டு, கோப்ரோ போன்ற ஆக்‌ஷன் கேமரா. மூன்று, சோனி இசட்வி-1 போல லென்ஸ் வெளியே நீளும் சின்னக் கேமரா.

இருட்டில்தான் வித்தியாசம் தெரியும். ஆக்‌ஷன் கேமரா குலுக்கலைக் கணக்குப் போட்டு, படத்தை வெட்டி நகர்த்திச் சரிசெய்கிறது. வெளிச்சம் குறைந்தால் ஷட்டர், அதாவது ஒரு படத்துக்கு வெளிச்சம் வாங்கும் நேரம், மெதுவாகும், ஒவ்வொரு படமும் இழுபடும். இழுபட்ட படத்தை நகர்த்தினாலும் அது இழுபட்டதுதான். கிம்பலில் கேமராவே அசையாமல் நிற்பதால் இந்தத் தொல்லை குறைவு. இரவில் சாமி புறப்பாடு எடுக்கிறவர்கள் கிம்பல் பக்கம் போங்கள்.

வில்லியனூர்: 4கே கட்டாயமா மேடம்?

இல்லை. 4கே என்றால் இன்னும் நுணுக்கமான படம், அவ்வளவுதான். ஃபோனில்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் அதற்கு ஒரு படி கீழே உள்ள 1080பி தாராளம்.

தேவனாம்பட்டினம்: கடலுக்குள் கொண்டுபோகலாமா?

கோப்ரோவின் சமீபத்திய 'ஹீரோ பிளாக்' மாடல்கள் உறை இல்லாமலே 10 மீட்டர் ஆழம் தாங்கும். கிம்பல் கேமராவை அலைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள், மோட்டாரில் மணல் போனால் கதை முடிந்தது. ஒன்று கவனியுங்கள்: தாங்கும் என்றால் மிதக்கும் என்று அர்த்தமில்லை. பிச்சாவரத்தில் படகிலிருந்து கை நழுவினால் நேரே சேற்றுக்குத்தான். மிதக்கும் கைப்பிடி தனியாக விற்கிறது, அதை முதலில் வாங்குங்கள்.

வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். மணல் ஒட்டியிருக்கும்போதே முந்தானையால் லென்ஸைத் துடைத்து ஒன்றைக் கெடுத்தவள் நான்.

திருப்பாதிரிப்புலியூர்: எந்த கார்டு?

இதற்குத்தான் காத்திருந்தேன். கேமராவை விட முக்கியம் இது. வி30 என்று போட்டிருக்க வேண்டும், விநாடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும் என்று பொருள். 4கே விநாடிக்கு 100 மெகாபிட் (எட்டு மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு எம்பி) ஓடினால் மணிக்கு 45 ஜிபி தின்னும். 128 ஜிபி கார்டு இரண்டே முக்கால் மணி நேரம் வரும்.

என் அக்கா பேத்தி காதுகுத்துக்கு மலிவாகக் கிடைத்த 64 ஜிபி கார்டு ஒன்றைப் போட்டேன். வாங்கிய இடம் வேண்டாம், விடுங்கள். ஆசாரி கம்பியை எடுக்கிறார், தாய்மாமன் மடியில் குழந்தை வாழைப்பழத்தைப் பிடித்துக்கொண்டு முழிக்கிறது, எல்லாம் திரையில் பார்த்துக்கொண்டே எடுத்தேன். வீட்டுக்கு வந்து போட்டால் கோப்புகளின் பெயர் வரிசையாக நிற்கிறது, பந்தல் கட்டுவது வரைக்கும்தான் திறக்கிறது. உள்ளே இருந்தது 8 ஜிபி, மேலே ஒட்டியிருந்தது 64. தாய்மாமன் இன்றைக்கும் கேட்கிறார், பதில் இல்லை.

வாங்கிய அன்றே எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளில் கார்டை முழுசாக எழுதிப் படித்துப் பாருங்கள். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் உண்மை தெரியும்.

முத்தியால்பேட்டை: புதுக் கேமரா. மண்டபத்தில் எடுத்தால் படம் முழுக்கக் கறுப்புப் பட்டை ஓடுகிறது. திருப்பிக் கொடுத்துவிடவா?

கொடுக்காதீர்கள் தம்பி, கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கி எரிகிறது, கண்ணுக்குத் தெரியாது. பல கேமராக்கள் 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான 30, 60 பிரேமில், அதாவது விநாடிக்கு 30, 60 படம் என்று, வைத்தே வருகின்றன. இரண்டும் ஒத்துப்போகாமல் பட்டை ஓடுகிறது. மெனுவில் என்டிஎஸ்சி (அந்த நாடுகளின் பழைய டிவி முறை) என்றிருப்பதை 'பால்' (நம் ஊர் டிவி முறை) என்று மாற்றுங்கள், குடிக்கிற பால் இல்லை. சிலதில் 'ஆன்டி ஃபிளிக்கர் 50' என்றிருக்கும். அப்புறம் 25 அல்லது 50 பிரேமில் எடுங்கள்.

கடலூர் முதுநகர்: அக்கா, இது பழைய டிவி காலத்துக் கதை. ஃபோன் திரை 60 ஹெர்ட்ஸ். 25-ல் எடுத்தால் அதில் துள்ளும். எல்லாரும் 30-தான்.

கேமராவை நகர்த்தி எடுத்தால் லேசாகத் துள்ளும், மறுக்கவில்லை. பட்டை ஓடுகிற படத்தைவிட அது தேவலை.

நெய்வேலி, ஓய்வுபெற்ற மின் பொறியாளர்: மேடம் சொல்வதே சரி. அனல் மின்நிலையத்தில் முப்பது வருஷம் அந்த 50-ஐக் காப்பாற்றியவன் நான்.

ஐயா, நன்றி.

கடலூர் முதுநகர்: ஐயா, இப்போது வீட்டில் எல்லாம் எல்இடி. சோக் போட்ட பழைய டியூப்லைட் கிடையாதே?

நெய்வேலி: நல்ல டிரைவர் (கரண்டைச் சீராக்கிக் கொடுக்கும் பகுதி) வைத்த எல்இடி மினுங்காது. மண்டபத்தில் மாட்டுகிற மலிவு பல்பையும் சீரியல் செட்டையும் பார்த்துவிட்டுப் பேசு தம்பி.

சரி, இருவரும் நிறுத்துங்கள். முதுநகர் தம்பி சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது: ஷட்டரை 1/50 அல்லது 1/100 விநாடியில் கையால் பூட்ட முடிந்தால் 30 பிரேமிலும் பட்டை வராது. ஒவ்வொரு படமும் விளக்கின் முழுச் சுற்றை வாங்கிக்கொள்ளும். ஆனால் தினசரி உபயோகத்துக்குக் கேட்கிறவர்கள் ஷட்டரை யார் தொடப்போகிறார்கள்? ஆட்டோவில் விடுகிறவர்களுக்கு 25. மலிவு சீரியல் செட் சிலது கரண்டோடு சேராமல் தன் இஷ்டத்துக்கு மினுங்கும், அதற்கு நானும் ஐயாவும் சேர்ந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

பண்ருட்டி: பலாப்பழம் அறுத்துச் சுளை எடுப்பதைப் பக்கத்தில் காட்டி வியாபாரம் செய்ய வேண்டும்.

ஆக்‌ஷன் கேமரா வேண்டாம். பெரும்பாலானவற்றில் ஃபோகஸ் நிலையானது, சுளையை முன்னால் நீட்டினால் மங்கிவிடும். இசட்வி-1-ல் பொருளை நீட்டினால் முகத்தை விட்டுப் பொருளுக்கு ஃபோகஸ் தாவும் வசதி இருக்கிறது. உங்களுக்காகவே செய்தது போல. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அறுப்பீர்கள் அல்லவா, பொத்தானை வேறு யாராவது அமுக்கட்டும்.

உப்பளம்: கடற்கரைச் சாலையில் பேசி எடுத்தால் காற்றுச் சத்தம்தான் கேட்கிறது.

காந்தி சிலைக்குப் பக்கத்தில் நின்று, பின்னால் கடல் தெரிய எடுத்திருப்பீர்கள். அப்போது கடல் காற்று நேராக உங்கள் மைக்கில் மோதும். எடுக்கிறவர் கடலுக்கு முதுகு காட்டி நின்றால் அவர் உடம்பே காற்றைத் தடுக்கும். கடல் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் சட்டையில் குத்தும் வயர்லெஸ் மைக், அதன் மேல் ரோமக் குல்லா. குல்லா இல்லாமல் எந்த மைக்கும் அங்கே எடுபடாது.

அரியாங்குப்பம்: எந்த கார்டு வாங்கலாம்?

மேலே திருப்பாதிரிப்புலியூருக்குச் சொன்னேன்.

நெல்லிக்குப்பம்: வயதான அப்பாவுக்கு, ஒரே பொத்தான் உள்ள கேமரா இருக்கிறதா?

இருந்தது. ஃபிளிப் என்று பெயர், நடுவில் ஒரு சிவப்புப் பொத்தான், பக்கத்திலிருந்து யுஎஸ்பி முனை நீளும். சிஸ்கோ 2009-ல் அந்தக் கம்பெனியை வாங்கி, 2011-ல் மூடிவிட்டது. எனக்கு இன்னும் அதன் மேல் வருத்தம்தான். இன்றைக்கு அதற்குக் கிட்ட வருவது கோப்ரோதான்: 'குவிக் கேப்சர்' போட்டுவிட்டால், அணைந்து கிடக்கும்போது மேல் பொத்தானை ஒரு தட்டு தட்டினாலே எடுக்கத் தொடங்கிவிடும். மீதி மெனுவை நீங்களே அமைத்துக் கொடுத்துவிடுங்கள்.

மஞ்சக்குப்பம்: ஏசி ரூமிலிருந்து வெளியே வந்தால் லென்ஸ் பனி பூத்துவிடுகிறது.

நம் ஊர்ப் புழுக்கம். ஏசி ரூமுக்குள்ளேயே பிளாஸ்டிக் பையில் மூடி, வெளியே கொண்டுவந்து வைத்து, கால் மணி நேரம் கழித்துத் திறங்கள். வீட்டில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள், பீரோவில் புடவைக்கு நடுவே வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

பாகூர்: எது பெஸ்ட் கேமரா? ஒரே வார்த்தையில்.

எங்கே எடுக்கப் போகிறீர்கள் என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்கள், சொல்கிறேன்.

பாகூர்: ஏரிக்கரையில், மழையில்.

கோப்ரோ.

காலாப்பட்டு: அக்கா, 1 டிபி கார்டு நானூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது...

வேண்டாம். வேண்டாம். தாய்மாமனைக் கேளுங்கள்.

நெய்வேலி: மேடம், ஜெனரேட்டர் கரண்டில் ஹெர்ட்ஸ் ஏறி இறங்குமே, அதைச் சொல்லவில்லையே?

ஐயா, அது உண்மைதான், முதுநகர் தம்பி பார்ப்பதற்குள் நான் கிளம்புகிறேன். விடியற்காலை 4:30-க்குத் திருவந்திபுரத்தில் முகூர்த்தம், பேட்டரி இன்னும் சார்ஜில் போடவில்லை.