தங்கை கணவர் சொன்ன ரகசியம். செபியிடமிருந்து வந்த கடிதம்

கேள்வி: திருப்பூரில் ஜவுளிக்கடை நடத்துகிறேன். என் தங்கையின் கணவர், பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறார். விருந்துக்கு வந்திருந்தபோது, "போனஸ் பங்கு தரப்போகிறார்கள், இன்னும் வெளியே தெரியாது" என்றார். மறுநாளே என் மனைவியின் டீமேட் கணக்கில் (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) அந்தப் பங்குகளை வாங்கினேன். அறிவிப்பு வந்தபின் விற்றதில் 1,40,000 ரூபாய் லாபம். இப்போது விளக்கம் கேட்டு மனைவி பெயருக்கு, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி கடிதம் அனுப்பியிருக்கிறது. நான் அந்த நிறுவனத்தின் ஊழியரே இல்லையே? மாப்பிள்ளையோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடலாமா?

பதில்: அழிக்காதீர்கள். ஒன்றைக்கூட அழிக்காதீர்கள். அவருடைய கைபேசியிலும் அவை இருக்கும். அழித்தது தெரிந்தால், நீங்கள் சொல்லும் உண்மையைக்கூட நம்ப ஆளிருக்காது.

ஊழியர் இல்லை என்பது உங்களைக் காப்பாற்றாது. 2015ஆம் ஆண்டின் செபி ஒழுங்குமுறை விதிகளின்படி, வெளியிடப்படாத, பங்கு விலையை அசைக்கக்கூடிய தகவலைக் கையில் வைத்திருக்கும் எவரும் 'இன்சைடர்'தான். போனஸ் பங்கு, அதாவது பங்குதாரர்களுக்குக் கூடுதல் பங்குகளை இலவசமாகத் தரும் முடிவு, அப்படிப்பட்ட தகவலே. அதை அறிந்தபின் வாங்கினால், அதை வைத்தே வாங்கியதாக விதி அனுமானிக்கிறது. "எப்படியும் வாங்கியிருப்பேன்" என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது.

சந்தை வதந்தியும் இதுவும் ஒன்றல்ல. தேநீர்க் கடையில் நாலு பேர் பேசிக்கொள்வதைக் கேட்டோ, நிறுவனத்தின் பழைய கணக்குகளைப் படித்துக் கணித்தோ வாங்குவது குற்றமில்லை. உங்களிடம் சொன்னவரோ அந்தக் கோப்பைக் கையில் வைத்திருந்தவர். "இன்னும் வெளியே தெரியாது" என்று அவரே சொல்லியும் இருக்கிறார். எனக்குக் கவலை தருவது அந்த மூன்று சொற்கள்தான்.

உறவு என்பதாலேயே தகவல் கைமாறியது என்று முடிவுகட்ட முடியாது என 2022இல் பல்ராம் கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. தகவல் பரிமாறப்பட்டதற்குச் சான்று இல்லாதவர்களுக்கு அந்தத் தீர்ப்பு துணை நிற்கும். உங்களிடமோ செய்திகளே இருக்கின்றன.

தண்டத்தொகை லாபத்துக்கு ஏற்றபடி இருக்கும் என்று நினைக்காதீர்கள். செபி சட்டம் 15ஜி பிரிவில் அது 10 லட்சம் ரூபாயில் தொடங்குகிறது. 25 கோடி ரூபாய் அல்லது லாபத்தின் மூன்று மடங்கு, இதில் எது அதிகமோ அதுவரை போகலாம். குற்ற வழக்காக மாறினால் 10 ஆண்டுவரை சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு.

உங்கள் தங்கையின் கணவர் ஒரு பங்குகூட வாங்கவில்லை என்பீர்கள். பணிக்குத் தேவையில்லாமல் தகவலைச் சொன்னதே தனி மீறல். அமெரிக்காவில் ரஜத் குப்தாவுக்கு நடந்தது தெரிந்திருக்கும். 2008 செப்டம்பர் 23 அன்று, கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியில் முதலீட்டாளர் வாரன் பஃபெட் 500 கோடி டாலர் முதலீடு செய்ய அந்த வங்கியின் இயக்குநர் குழு ஒப்புதல் தந்தது. கூட்டம் முடிந்து ஒரு நிமிடம் ஆகுமுன், அந்தக் குழுவில் இருந்த குப்தா, முதலீட்டு நிதி நடத்திவந்த ராஜ் ராஜரத்தினத்தைத் தொலைபேசியில் அழைத்தார். பங்கு வாங்கியவர் ராஜரத்தினம். சொன்ன குப்தாவுக்கும் 2 ஆண்டு சிறை.

ஆகவே உங்கள் தங்கையின் கணவருக்கு வேறு வழக்கறிஞர் வேண்டும். உங்கள் நலனும் அவர் நலனும் இந்த விஷயத்தில் மோதும். இருவருக்கும் ஒருவரே வாதாடுவது முறையல்ல. இருவரும் உட்கார்ந்து ஒரே கதையைப் பேசிவைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

கடிதத்தில் குறித்த தேதிக்குள் பதில் போகவேண்டும். நேரம் போதாதென்றால் எழுத்துமூலம் அவகாசம் கேளுங்கள். டீமேட் கணக்கு அறிக்கை, வங்கி அறிக்கை, வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றோடு பங்குச்சந்தை வழக்குகளில் பழகிய வழக்கறிஞரைப் பாருங்கள். தண்டத்தொகை கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ள செபியிலேயே ஒரு வழிமுறை உண்டு. உங்களுக்கு அது பொருந்துமா என்று அவரிடம் கேளுங்கள். மனைவியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கடிதம் வந்திருப்பது அவர் பெயருக்கு. நடந்தது முழுவதும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.